மீதமிருக்கும் அடைப்புகள்

அந்தத் தாளை அத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். இதயத்தின் ரத்தக்குழாய்களைக் கோட்டுப்படமாக அச்சிட்ட ஒற்றைத் தாள். மாமாவுக்கு மாரடைப்பு வந்த அன்று, அதிகாலை இரண்டரை மணிக்குக் கேத் லேப், அதாவது இதயக் குழாய் அடைப்பைத் திறக்கும் அறை, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வந்த மருத்துவர், தாளைச் சுவரில் வைத்துச் சிவப்புப் பேனாவால் மூன்று கோடு போட்டார். முதல் கோடு இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் குழாயில், எல்.ஏ.டி. என்று எல்லோரும் சொல்வது. பக்கத்தில் அடைப்பின் சதவீதத்தை 100 என்று எழுதி வட்டமிட்டார். இரண்டாவது வலப்பக்கக் குழாயில்: 80. மூன்றாவது, பின்பக்கம் சுற்றிப் போகும் சர்க்கம்ஃப்ளெக்ஸில்: 60.

“நூறு அடைத்திருந்ததைத் திறந்து ஸ்டென்ட் வைத்துவிட்டோம். வலி நின்றுவிட்டது. மற்ற இரண்டும் இருக்கின்றன” என்றார். ஸ்டென்ட் என்பது திறந்த குழாய் மறுபடி மூடாமல் தாங்கும் சிறு கம்பிவலை.

அத்தை என்னைப் பார்த்தார். பத்திரிகைக்கு எழுதுகிறவன் ஒருவன் குடும்பத்தில் இருந்தால், மருத்துவம் முதல் வீட்டு வரி வரை எல்லாவற்றுக்கும் அவனைத்தான் பார்ப்பார்கள். “உள்ளேதானே படுத்திருக்கிறார், மீதியையும் இப்போதே முடித்துவிடுங்கள் டாக்டர்” என்றேன். அவர் மறுத்தார். மாமாவின் கிரியாட்டினின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு, 1.6; இயல்பைவிட அதிகம். குழாய்களைப் படத்தில் காட்டும் சாயம் ஏற்கெனவே நிறையச் செலுத்தியாகிவிட்டது. வலது குழாயில் அடைப்பு இருக்கும் இடம் வளைவானது. “இன்றைக்கு வேண்டாம், மூன்று வாரம் கழித்துச் செய்வோம்.” எனக்கு அது தட்டிக்கழிப்பதாகத் தெரிந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பாதியில் நிறுத்துகிறாரே என்று கோபம்கூட வந்தது. பிறகு ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தபோதுதான், நடைபாதையில் இரண்டு நிமிடத்தில் அவர் சொல்லிவிட்டுப் போன பதிலுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நடந்த வாதப் பிரதிவாதம் இருப்பது தெரிந்தது.

மாரடைப்பு என்றால் குழாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி ஒருநாள் முழுதாக மூடிக்கொள்வது என்றுதான் பலரும் நினைக்கிறோம், சமையலறைத் தொட்டிக் குழாயில் பிசுக்குச் சேர்வதைப் போல. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. குழாயின் உட்சுவரில் கொழுப்பு மேடாகப் படிந்து, அதன்மேல் ஒரு மெல்லிய தோல் மூடியிருக்கும். அந்தத் தோல் கிழிந்தால் உள்ளே இருப்பதன்மேல் ரத்தம் படுகிறது. வெட்டுக்காயத்தில் உறைவதைப் போலவே அங்கும் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் வழியை அடைத்துவிடுகிறது. ஈ.சி.ஜி.யில் எஸ்.டி. பகுதி உயர்ந்து தெரியும் பெரிய மாரடைப்பு, மருத்துவர்கள் ஸ்டெமி என்பது, இப்படி ஒரு குழாய் முற்றாக அடைபட்டதன் விளைவு. அந்தக் குழாயை அவர்கள் தங்களுக்குள் ‘கல்ப்ரிட்’ என்பார்கள். குற்றவாளி. அதைத் திறப்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

குற்றவாளியைப் பிடித்த பிறகுதான் சிக்கல். ஸ்டெமி வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஆஞ்சியோகிராமில், அதாவது சாயம் செலுத்தி எடுக்கும் குழாய்ப் படத்தில், வேறொரு குழாயிலும் கணிசமான அடைப்பு தெரியும். அன்றைய மாரடைப்பில் அதற்குப் பங்கு இல்லை. ஆனால் மணிக்கட்டு வழியாகக் குழல் உள்ளே போயிருக்கிறது, மேசையைச் சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள், அலமாரியில் ஸ்டென்ட் இருக்கிறது. கையோடு அதையும் சரிசெய்வதா, விட்டுவைப்பதா, விட்டுவைத்தால் எத்தனை நாளைக்கு?

2013-ல் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டி இதற்குக் கறாராகப் பதில் சொன்னது. ரத்த அழுத்தம் நிலையாக இருக்கும் ஸ்டெமி நோயாளிக்கு, முதல் சிகிச்சையின்போதே மற்றக் குழாய்களில் கை வைக்கக் கூடாது. அதைத் ‘தீங்கு’ என்று வகைப்படுத்தியிருந்தார்கள். வழிகாட்டிகளின் மொழியில் அதைவிடக் கடுமையான சொல் கிடையாது. ரத்தம் உறையும் வேகம் உடலெங்கும் கூடியிருக்கும் நேரத்தில் இன்னொரு குழாயைத் தொட்டால் அதுவும் அடைத்துக்கொள்ளலாம் என்பது ஒரு பயம். சாயம் கூடினால் சிறுநீரகம் பாதிக்கப்படும் என்பது இன்னொன்று. இந்தப் பயங்களுக்கு மருத்துவமனைப் பதிவேடுகளும் சாட்சி சொல்வதுபோல இருந்தன. ஒரே அமர்வில் பல குழாய்களுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் அதிகமாக இறந்திருந்தார்கள்.

பதிவேட்டுத் தரவில் எப்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: யாருக்குச் செய்தார்கள்? நிலைமை கைமீறிக்கொண்டிருந்தவருக்குத்தான் மருத்துவர் எல்லாக் குழாய்களையும் திறந்து பார்த்திருப்பார். நன்றாக இருந்தவரை முதல் குழாயோடு வார்டுக்கு அனுப்பியிருப்பார். பிறகு இருவரையும் ஒப்பிட்டு, அதிகம் செய்தால் அதிகம் சாகிறார்கள் என்பது, தீவிர சிகிச்சைப் பிரிவில் சாவு அதிகம், அதனால் அங்கே யாரையும் சேர்க்காதீர்கள் என்பதைப் போன்ற வாதம். இதைத் தீர்க்கச் சீட்டுக் குலுக்கிப் போட்டு நோயாளிகளை இரண்டாகப் பிரிக்கும் ஆய்வு வேண்டும்.

அதே 2013-ல் பிரிட்டனிலிருந்து அப்படி ஒன்று வந்தது. பிராமி என்று பெயர். ஐந்து மருத்துவமனைகள், 465 நோயாளிகள். ஒரு பாதிக்கு அன்றே மற்ற அடைப்புகளுக்கும் ஸ்டென்ட், மறு பாதிக்குக் குற்றவாளிக் குழாய்க்கு மட்டும். இதய நோயால் மரணம், மீண்டும் மாரடைப்பு, மருந்துக்கு அடங்காத நெஞ்சுவலி ஆகியவற்றைச் சேர்த்து எண்ணியபோது, எல்லாவற்றையும் சரிசெய்தவர்களில் 21 பேர், செய்யாதவர்களில் 53 பேர். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். தீங்கு என்று சொன்ன வழிகாட்டியின் மை உலர்வதற்குள் இது நடந்தது.

அத்தோடு வழக்கு முடிந்துவிடவில்லை, முடிந்திருக்கவும் கூடாது. பாதியில் நிறுத்தப்படும் சிறிய ஆய்வுகள் நன்மையை மிகைப்படுத்திக் காட்டுவது வழக்கம். 2015-ல் டென்மார்க்கில் 627 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்விலும் நன்மை தெரிந்தது. ஆனால் உள்ளே புகுந்து பார்த்தால், அநேகமாக முழு நன்மையும் ‘மறுபடி ஸ்டென்ட் வைக்க வேண்டிவந்தது குறைந்தது’ என்பதில்தான் இருந்தது. இது மென்மையான கணக்கு. உள்ளே 80 சதவீத அடைப்பு இருப்பதாகத் தாளில் எழுதிக் கொடுக்கப்பட்டவர், வாயுத் தொல்லைக்கும் மருத்துவமனைக்கு ஓடுவார். பார்க்கும் மருத்துவரும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று ஸ்டென்ட் வைத்துவிடுவார். உயிரிழப்பும் மாரடைப்பும் குறைகின்றனவா என்ற கேள்விக்கு ஆயிரக்கணக்கான பேர் தேவைப்பட்டார்கள்.

கனடாவின் ஹாமில்டன் நகரிலிருந்து ஷமீர் மேத்தா தலைமையில் நடந்த ‘கம்ப்ளீட்’ ஆய்வு அந்த அளவில் அமைந்தது. 31 நாடுகள், 140 மருத்துவமனைகள், 4,041 நோயாளிகள். முடிவை 2019 செப்டம்பரில் பாரிஸில் நடந்த ஐரோப்பிய இதயவியல் மாநாட்டில் வெளியிட்டார்கள். முதல் குழாயை வெற்றிகரமாகத் திறந்த பிறகு, வேறொரு குழாயில் 70 சதவீதமோ அதற்கு மேலோ அடைப்பு இருந்தால் ஆய்வில் சேர்க்கலாம். 50 முதல் 69 வரை என்றால் கம்பி விட்டு அழுத்தத்தை அளந்து, உண்மையிலேயே ரத்த ஓட்டம் குறைகிறது என்று உறுதியான பிறகே சேர்க்கலாம். மூன்று ஆண்டுகளில் இதய நோயால் இறந்தவர்களும் மறுபடி மாரடைப்பு வந்தவர்களும், எல்லாவற்றையும் சரிசெய்த 2,016 பேரில் 158. முதல் குழாயோடு நிறுத்திய 2,025 பேரில் 213. சதவீதத்தில் 7.8, 10.5.

இந்த எண்ணை வீட்டுப் பேச்சுக்கு மாற்றினால்: 37 பேருக்கு மீதி அடைப்புகளைச் சரிசெய்தால், மூன்று ஆண்டுகளில் ஒருவர் இன்னொரு மாரடைப்பிலிருந்தோ மரணத்திலிருந்தோ தப்புகிறார். மற்ற 36 பேருக்கு அந்த வகையில் வித்தியாசம் இல்லை. சிலருக்கு அது செய்யாமலே வந்திருக்காது, சிலருக்குச் செய்தும் வந்தது. தப்பியதும் பெரும்பாலும் மாரடைப்பிலிருந்துதான். இதய நோயால் மரணம் என்று மட்டும் பார்த்தால் 2.9, 3.2 என்று இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். எனக்கு இது சிறிய பலன் என்று தோன்றவில்லை, ஏற்கெனவே ஒரு பகுதி தசையை இழந்த இதயத்துக்கு இரண்டாவது அடி எப்படிப்பட்டது என்பதை நினைத்தால். ஆனால் ‘இப்போதே செய்யாவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை’ என்று நடைபாதையில் யாராவது சொன்னால், அந்தப் பேச்சுக்கு இந்த எண்களில் ஆதாரம் இல்லை.

இதில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது வேறொன்று. மாரடைப்பே வராமல், நடந்தால் நெஞ்சு கனக்கிறது என்று வருபவர்களுக்கும் ஆஞ்சியோகிராமில் இதே 80 சதவீத அடைப்பு தெரிகிறது. அவர்களுக்கு ஸ்டென்ட் வைத்தால் மரணமும் மாரடைப்பும் குறைகின்றனவா என்று 2007-ல் 2,287 பேரிடம் ‘கரேஜ்’ ஆய்வு பார்த்தது. குறையவில்லை. 2019-ல் 5,179 பேரிடம் ‘இஸ்கீமியா’ பார்த்தது. அப்போதும், நல்ல மாத்திரைகளோடு ஒப்பிட்டால், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வலி குறைந்தது, அவ்வளவுதான். அப்படியானால் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் அடைப்பு, மாரடைப்பு வந்தவரிடம் மட்டும் ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கிறது?

பதில் அடைப்பின் அளவில் இல்லை, தன்மையில் இருக்கிறது என்றே தோன்றுகிறது. கம்ப்ளீட் ஆய்வில் ஒரு சிறு பகுதியினருக்குக் குழாயின் உள்ளே ஒளிக்கதிர் செலுத்திப் படம் எடுத்தார்கள். ஓ.சி.டி. என்ற முறை, ஆஞ்சியோகிராம் குழாயின் நிழலைத்தான் காட்டும், இது சுவரின் அடுக்குகளையே காட்டும். குற்றமே செய்யாத குழாய்களின் பெரிய அடைப்புகளைப் பார்த்தபோது, ஏறத்தாழப் பாதி நோயாளிகளிடம் கிழியக் காத்திருக்கும் வகை இருந்தது: உள்ளே கொழகொழவென்று கொழுப்பு, மேலே காகிதம்போன்ற தோல். ஒரு குழாயில் தோல் கிழிந்தவரின் உடலில் அதே கோளாறு வேறு இடங்களிலும் புகைந்துகொண்டிருக்கிறது. நாள்பட்ட நெஞ்சுவலிக்காரரின் அடைப்போ பெரும்பாலும் சுண்ணாம்பு ஏறி, தடித்த தோலோடு கல்லாகிப்போனது. வழியைக் குறுக்கும், ஆனால் சட்டென்று வெடிக்காது. ஸ்டென்ட் இங்கே செய்வது குழாயை அகலப்படுத்துவதோடு, வெடிக்கக்கூடிய ஒரு சுவரைக் கம்பிவலை போட்டுப் பூசி மூடுவதும்தான்.

இந்த விளக்கம் சரியென்றால் அதிலேயே அதன் எல்லையும் இருக்கிறது. ஒரு ஸ்டென்ட் மூடுவது இரண்டு மூன்று சென்டிமீட்டர். மீதிக் குழாயின் நீளம் முழுவதற்கும் மாத்திரைதான் காவல். கெட்ட கொழுப்பை 55-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று ஐரோப்பிய வழிகாட்டி சொல்வது அதற்காகத்தான். இரண்டு அடைப்பையும் சரிசெய்தாகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.

சரி, எப்போது செய்வது? கம்ப்ளீட் ஆய்வில் இரண்டாவது சிகிச்சையை முதல் நாளிலேயே செய்யவில்லை. அதே மருத்துவமனைவாசத்திலோ, வீட்டுக்குப் போய் 45 நாட்களுக்குள் திரும்பி வந்தோ செய்தார்கள். இரண்டிலும் பலன் ஒன்றுபோலவே இருந்தது. நான் அன்றிரவு அறியாமல் இருந்தது இதைத்தான். அவசரம் முதல் குழாய்க்கு. அடுத்ததற்கு முக்கியத்துவம் உண்டு, அதன் கடிகாரம் வேறு.

பிறகு 2023-ல் சூரிச்சைச் சேர்ந்தவர்கள் நடத்திய ‘மல்டிஸ்டார்ஸ்’ ஆய்வு, அன்றே எல்லாவற்றையும் முடிப்பதையும் 19 முதல் 45 நாள் கழித்துச் செய்வதையும் 840 பேரிடம் ஒப்பிட்டது. ஓராண்டில் அன்றே முடித்தவர்களிடம் 8.5 சதவீதம் சிக்கல், தள்ளிவைத்தவர்களிடம் 16.3. நான் அன்று கேட்டதுதான் சரி என்று இதை வைத்து அத்தையிடம் மார்தட்டியிருக்கலாம். ஆனால் கணக்கில் ஒரு நெளிவு இருக்கிறது. ஸ்டென்ட் வைக்கும்போதே சிறு மாரடைப்பு ஏற்படுவதுண்டு. இதயத் தசை சேதமானால் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் உயர்வதை வைத்து அதைக் கண்டுபிடிப்பார்கள். பெரிய மாரடைப்போடு மேசையில் இருப்பவருக்கு ட்ரோபோனின் ஏற்கெனவே வானத்தில் இருக்கும், அதில் இந்தச் சிறு உயர்வு தெரியாது. மூன்று வாரம் கழித்து வருபவரிடம் அது பளிச்சென்று தெரிந்து கணக்கில் ஏறிவிடும். அதனால் அந்த இடைவெளியில் ஒரு பகுதி உண்மை, ஒரு பகுதி எண்ணும் விதத்தால் வந்தது. சிறுநீரகம் நன்றாக இருந்து, அடைப்பும் எளிதான இடத்தில் இருந்தால் அன்றே முடிப்பதில் தவறில்லை என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. மாமா அந்த வகையில் இல்லை.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும், அன்றே எல்லாவற்றையும் செய்வது தெளிவாகக் கெடுதல். மாரடைப்பின் அதிர்ச்சியில் ரத்த அழுத்தம் சரிந்து, கை கால் குளிர்ந்து, நினைவு தடுமாறி வருகிறவர்கள். இதயம் பலவீனமாக இருக்கும்போது எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டால் தாங்கும் என்றுதான் எவருக்கும் தோன்றும். வழிகாட்டிகளும் நெடுங்காலம் அப்படித்தான் சொல்லின. 2017-ல் ஜெர்மனியின் ஹோல்கர் தீலே தலைமையில் வந்த ‘கல்ப்ரிட்-ஷாக்’ ஆய்வு அதைக் கவிழ்த்தது. 30 நாட்களுக்குள் இறந்தவர்கள், குற்றவாளிக் குழாயோடு நிறுத்தியவர்களில் 43.3 சதவீதம், எல்லாவற்றையும் அன்றே செய்தவர்களில் 51.6. நீண்ட நேரம், கூடுதல் சாயம், தள்ளாடும் உடல். அமெரிக்கர்கள் 2013-ல் நிலையாக இருப்பவர்களுக்குப் போட்ட தடை, கடைசியில் அவர்கள் விலக்கு கொடுத்திருந்த அந்த ஒரு கூட்டத்துக்குத்தான் பொருந்திற்று என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. மற்றவர்களுக்கான தடையை 2015-லேயே தளர்த்திவிட்டார்கள். 2021-ல், நிலையாக இருப்பவருக்குப் பிறகொரு நாளில் மீதி அடைப்புகளைச் சரிசெய்வது முதல் வகுப்புப் பரிந்துரை, அதாவது மிக உறுதியான பரிந்துரை, ஆனது. ஐரோப்பிய வழிகாட்டி 2023-ல் அன்றே அல்லது 45 நாட்களுக்குள் என்று எழுதியது.

எப்போது என்பதைவிட எதை என்பதுதான் கடினம். தாளில் எழுதும் 80, 60 எல்லாம் கண்மதிப்பு. ஓடிக்கொண்டிருக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து அனுபவத்தில் சொல்வது. ஒருவர் 60 என்பதை இன்னொருவர் 75 என்பார். மாரடைப்பு நடக்கும் இரவில் உடலில் அட்ரினலின் பொங்கிக் குழாய்களே இறுகியிருப்பதால், அன்று மோசமாகத் தெரிந்தது சில வாரங்களில் அவ்வளவு மோசமாகத் தெரியாமலும் போகலாம்.

அதற்காகத்தான் அந்த அளவுக்கம்பி. எஃப்.எஃப்.ஆர். என்று தாளில் இருக்கும். முனையில் அழுத்தமானி பொருத்திய, முடிபோல மெல்லிய கம்பியை அடைப்பைத் தாண்டி அனுப்புவார்கள். அடினோசின் மருந்து கொடுத்து இதயத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுவருவார்கள்; சில விநாடிகள் நெஞ்சில் பாரமாகவும் முகத்தில் சூடாகவும் இருக்கும், பயப்பட வேண்டியதில்லை. அடைப்புக்கு முன்னால் அழுத்தம் 100 என்றால் பின்னால் எவ்வளவு? 80 அல்லது அதற்குக் கீழே, அதாவது 0.80 வரை இருந்தால், அந்த அடைப்பு தசையைப் பட்டினி போடுகிறது என்று பொருள். அதற்கு மேலே இருந்தால், பார்க்கத்தான் பயங்கரம், வேலை நடக்கிறது.

இவ்வளவு துல்லியமான கருவி இருக்கும்போது எல்லாவற்றையும் அளந்தே முடிவெடுக்கலாமே என்றால், ஆய்வுகள் முகத்தில் அடிக்கின்றன. பிரான்ஸில் 1,171 பேரிடம் நடந்த ‘ஃபிளவர்-எம்.ஐ.’ ஆய்வில், கம்பியால் அளந்து செய்தவர்களும் கண்ணால் பார்த்துச் செய்தவர்களும் ஓராண்டில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள், சிக்கல் 5.5, 4.2 சதவீதம். அளந்ததால் ஸ்டென்ட் குறைந்தது, நோயாளிக்கு வேறு பலன் தெரியவில்லை. ஸ்வீடனிலிருந்து 2024-ல் வந்த ‘ஃபுல் ரீவாஸ்க்’ இன்னும் ஒருபடி மேலே போய், அளந்து எல்லாவற்றையும் சரிசெய்ததற்கும் முதல் குழாயோடு விட்டதற்கும் ஐந்தாண்டு அளவில் பெரிய வித்தியாசமே காணவில்லை: 19.0, 20.4. இதை வைத்துக் கம்ப்ளீட் தவறு என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கம்ப்ளீட் முடிவு வந்ததும், இனிச் சிகிச்சை தராமல் விடுவது நியாயமில்லை என்று ஃபுல் ரீவாஸ்க் ஆய்வில் ஆள் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். 1,542 பேர்தான் கிடைத்தார்கள். சிறிய வலையில் மீன் சிக்கவில்லை என்பதால் குளத்தில் மீன் இல்லை என்று ஆகாது.

ஆனால் அந்த வெடிக்கும் தோலின் கதையோடு சேர்த்துப் பார்த்தால் இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அழுத்தக்கம்பி அளப்பது வழியின் குறுகலை. கொழுப்புமேட்டின் தோல் மெல்லியதா தடித்ததா என்று அதற்குத் தெரியாது. 90 சதவீத அடைப்பை அளக்க வேண்டியதில்லை, கண்ணே போதும். 60 என்று சொல்வதை அளக்காமல் ஸ்டென்ட் வைப்பதற்குத்தான் எனக்கு ஆதாரம் தெரியவில்லை.

வயதானவர்கள் விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு வாக்கியம் உண்டு: “இந்த வயதில் எதற்கு இன்னொரு தொல்லை?” அன்பில் சொல்வதுதான். பெரும்பாலான ஆய்வுகளில் சராசரி வயது அறுபதைச் சுற்றியே இருந்ததால் மருத்துவர்களாலும் உறுதியாக மறுக்க முடியவில்லை. 2023-ல் இத்தாலியர்கள் தலைமையில் வந்த ‘ஃபயர்’ ஆய்வு 75 வயதைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. 1,445 பேர், நடு வயது 80. ஸ்டெமி அல்லாத மாரடைப்புக்காரர்களும் அதில் உண்டு. மீதி அடைப்புகளை அளந்து சரிசெய்தவர்களில் ஓராண்டுக்குள் மரணம், மாரடைப்பு, பக்கவாதம், மறுசிகிச்சை ஆகியவற்றில் ஒன்றைச் சந்தித்தவர்கள் 15.7 சதவீதம், மற்றவர்களில் 21. வயது மட்டும் ஒரு காரணம் ஆகாது. சிறுநீரகம், ரத்தக் கசிவு, நடமாட்டம், மறதி எல்லாவற்றையும் பார்த்துத்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

மேலே சொன்ன ஆய்வுகளில் சேர்க்கப்படாத ஒரு கூட்டம் இருக்கிறது. கம்ப்ளீட் ஆய்வில், பைபாஸ் அறுவை சிகிச்சைதான் சரி என்று முன்கூட்டியே முடிவானவர்களைச் சேர்க்கவில்லை. இடது பிரதான குழாயில் அடைப்பு, மூன்று குழாயிலும் சிக்கலான நீண்ட அடைப்பு, கூடவே சர்க்கரை நோய் என்று இருப்பவர்கள். சர்க்கரை நோயாளிகளுக்குப் பல குழாய் அடைப்பு இருந்தால் பைபாஸ் மேல் என்று 2012-லேயே 1,900 பேரிடம் நடந்த ‘ஃப்ரீடம்’ ஆய்வு காட்டிவிட்டது. அது மாரடைப்பு நடந்துகொண்டிருந்தவர்களைப் பற்றிய ஆய்வு அல்ல என்றாலும், முதல் குழாயைத் திறந்து உயிரைக் காத்த பிறகு, மீதியைப் பற்றி அறுவை சிகிச்சை நிபுணரிடமும் கேட்டீர்களா என்ற கேள்வியைச் சர்க்கரை அதிகமுள்ள நம் ஊரில் அவசியம் கேட்க வேண்டும். நடு இரவில் மீதி இரண்டிலும் ஸ்டென்டை வரிசையாக வைத்துவிட்டால் அந்தக் கேள்விக்கு இடமே இல்லாமல் போய்விடும். பல காலமாக முழுதாக மூடிக் கிடக்கும் குழாயும் இந்த வரிசையில் சேராது. அதை முதல் வாரத்திலேயே போராடித் திறந்து பார்த்த ‘எக்ஸ்ப்ளோர்’ ஆய்வில் இதயத்தின் பம்பிங் கூடவில்லை.

தமிழ்நாட்டில் இந்த முடிவு எப்போதும் அதிகாலை நடைபாதையில் எடுக்கப்படுவதில்லை. கேத் லேப் இல்லாத ஊரில் மாரடைப்பு வந்தால், பக்கத்து மருத்துவமனையில் ஸ்ட்ரெப்டோகைனேஸோ டெனெக்டெப்லேஸோ போட்டு உறைந்த ரத்தத்தைக் கரைத்துவிட்டு, ஒரு நாளைக்குள் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி ஆஞ்சியோ பார்ப்பது ஒரு வழி. கோவையின் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் அஜித் முல்லசாரியும் முன்னின்று நடத்திய தமிழ்நாடு ஸ்டெமி திட்டம் இப்படிச் சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு கோத்தது. 2,420 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2017-ல் வெளியிட்ட முடிவில், ஓராண்டு மரணம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2-க்கு இறங்கியிருந்தது. இவர்களுக்கு ஆஞ்சியோ படம் பகல் வெளிச்சத்தில், வலி நின்ற பிறகு, எல்லா அடைப்புகளையும் சேர்த்தே காட்டுகிறது. கரைக்கும் மருந்து போட்ட பிறகு ஸ்டென்ட் வைத்தவர்களையும் கம்ப்ளீட் ஆய்வு சேர்த்துக்கொண்டது என்பதால் அதன் முடிவை இவர்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

பணத்தைப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், மருந்து பூசிய ஸ்டென்டின் விலைக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அதற்கு முன் அதே பொருள் லட்சத்தைத் தாண்டி விற்றது. அந்த நாட்களின் கசப்பு இன்னும் போகவில்லை. இரண்டாவது ஸ்டென்ட் என்றதும் ‘வியாபாரம்’ என்று முணுமுணுக்காத உறவினர் கூட்டத்தை நான் பார்த்ததில்லை. சந்தேகம் இருக்கட்டும், ஆனால் சரியான இடத்தில் இருக்கட்டும். ஸ்டெமிக்குப் பிறகு மீதியிருக்கும் பெரிய அடைப்பைச் சரிசெய்யச் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. மாரடைப்பே வராதவருக்கு, உடல் பரிசோதனைப் படத்தில் தெரிந்த அடைப்பைக் காட்டி நாளைக்கே வரச் சொல்வதுதான் சந்தேகிக்க வேண்டியது.

தள்ளிவைப்பதில் உள்ள உண்மையான ஆபத்து எந்த ஆய்விலும் சரியாக அகப்படாத ஒன்று: ஆள் திரும்பி வராமல் போவது. மாமா பதினைந்தாம் நாளே மண்டிக்குப் போய் மூட்டைக் கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டார். படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. “நன்றாகத்தானே இருக்கிறேன், மறுபடியும் போய்க் குத்திக்கொள்ள வேண்டுமா?” என்றார். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்தேன். மாத்திரைகளின் பெயர் ஒரு பக்கம் நிறைய இருந்தது. வலது குழாய்க்கு எப்போது வர வேண்டும் என்பது கடைசி வரியில் சுருக்கெழுத்தில், தேதி இல்லாமல். தேதி எழுதித் தராத இரண்டாவது சிகிச்சை, நடக்காத சிகிச்சை என்றே எடுத்துக்கொள்ளலாம். அத்தைதான் நாட்காட்டியில் 45-ஆம் நாளை எண்ணி, அதற்கு முன்னால் ஒரு புதன்கிழமையைச் சுழித்து வைத்தார்.

இருபத்து மூன்றாம் நாள் போனோம். கிரியாட்டினின் 1.3-க்கு இறங்கியிருந்தது. இந்த முறை காலை பதினொரு மணி. மருத்துவர் நாற்காலியில் உட்கார வைத்துப் பேசினார். வலது குழாயில் ஸ்டென்ட் வைத்தாயிற்று. சர்க்கம்ஃப்ளெக்ஸில் கம்பி விட்டு அளந்ததில் 0.86. அதைத் தொடவில்லை. புதிய தாளில் நீலப் பேனாவால் இரண்டு இடத்தில் வலைபோலக் கட்டம் போட்டு, மூன்றாவது கோட்டுக்குப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதிக் கொடுத்தார்.

அத்தை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்படியானால் இது உள்ளேயே இருக்குமா?”

“இருக்கும்மா. மாத்திரையோடு இருக்கும்.”

இரண்டு தாள்களையும் ஒன்றன் பின் ஒன்றாகக் கோப்பில் செருகினார் அத்தை. வெளியே வந்ததும் மாமா கேட்ட முதல் கேள்வி, மதியம் ஓட்டலில் சாப்பிடலாமா என்பது.